இலையைப் பார்க்காமல் கிழங்கைத் தொடாதீர்கள்

(மழைக்காலத்தை முன்னிட்டு நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய தாய்மார்கள், மக்தப் ஆசிரியர்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கீரையும் கிழங்கும் பற்றிப் பேச அறக்கட்டளைச் செயலாளர் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, கல்விக்கடன் என்று பேசிப் பழகிய வாய்தான் இது. ஆனால் நம் மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவன் நான். சர்க்கரை, சிறுநீரகம், பிரசவம், விபத்து இவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு வேறு மாதிரி வருகின்றன. தெரியாமல் தின்ற ஒரு கொட்டை, தெரியாமல் வேகவைத்த ஒரு கிழங்கு. தொகை பெரியது, காரணம் சிறியது. அதனால்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலியோரம் கீரை பறிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில் காசில்லாத நாளில் பொன்னாங்கண்ணியும் முருங்கையும் மணத்தக்காளியும்தான் நம்மில் பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தன. இன்றும் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்கள் சிலர் பறித்து, கட்டி, விற்று வாழ்கிறார்கள். ஹலாலான உழைப்பு. பறிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பறிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் கவலை. பாட்டிக்குத் தெரிந்தது மகளுக்குப் பாதி தெரியும்; பேத்திக்கு செல்போன் வீடியோவில் வந்தது மட்டும் தெரியும்.

இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர்களே சம்மதித்ததால் சொல்கிறேன்.

அண்ணன் தம்பி இருவர், வெளியூரிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். வரப்பை வெட்டும்போது மண்ணுக்குள் சில கிழங்குகள் கிடைத்தன. பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்தார்கள். இரவு வேகவைத்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டார்கள். அண்ணன் வயிறு நிறைய, தம்பி இரண்டு துண்டு. அன்றிரவு ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கினார்கள். விடியும்போது வாந்தி, பிறகு தண்ணீராக வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார்கள். மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். கூடப் போன மச்சான், கிழங்கு என்று சொன்னால் விஷம் குடித்த கேஸ் என்று போலீஸ் வருமோ என்று பயந்து, ஹோட்டல் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். உண்மை வெளியே வர இன்னும் ஒரு நாள் ஆனது. ஐந்தாம் நாள் அண்ணன் மவ்த்தானார். தம்பி பிழைத்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இப்போது திரும்ப வளர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வேலைக்கும் போகிறார்.

அந்தக் கிழங்கு கண்வலிக்கிழங்கு. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். அதன் பூதான் செங்காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர். நெருப்புச் சுடர் மாதிரி சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பந்தல் கட்டிப் பயிரிடுகிறார்கள். மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன. வேதாரண்யம் பக்கம் காட்டிலும் வேலியிலும் தானாகவே படர்ந்து கிடக்கும்.

அதிலுள்ள விஷத்துக்கு கால்ச்சிசின் என்று பெயர். அளவோடு கொடுத்தால் மூட்டுவலிக்கு, கவுட் என்கிற வாத நோய்க்கு மருந்து. யூனானி வைத்தியத்தில் மூட்டுவலிக்குத் தரும் சூரஞ்சான் என்பதும் இதே சரக்கைக் கொண்ட வேறொரு செடிதான். ஹகீம்கள் அதை எவ்வளவு சுத்தி செய்து, எவ்வளவு சிறு எடையில் கொடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மருந்தாகிற செடி என்றால் சாப்பிடுகிற செடி என்று அர்த்தமில்லை. இந்த விஷம் உடம்பில் புதிய அணுக்கள் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் முதலில் குடல், அடுத்து இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, கடைசியில் தலைமுடி என்று வரிசையாகப் பாதிக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. தின்றவுடன் காட்டாமல் பல மணி நேரம் சும்மா இருக்கும். தின்று நேரமாகிவிட்டது, ஒன்றும் செய்யவில்லை, நல்ல கிழங்குதான் என்று மிச்சத்தையும் தின்றுவிடுகிறவர்கள் உண்டு.

எப்படிப் பிரித்தறிவது? கிழங்கை மட்டும் பார்த்தால் பிரிப்பது சிரமம். கண்வலிக்கிழங்கு பெரும்பாலும் இரண்டு கையாக, கலப்பை மாதிரி வளைந்து, நுனி கூராக இருக்கும். ஆனால் உடைந்த துண்டு கையில் வந்தால் யாருக்குத் தெரியும்? இலையில்தான் அடையாளம். கண்வலிக்கிழங்கின் இலை நீளமானது. அதன் நுனியே மெல்லிய கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இலை நுனியில் அந்தச் சுருள் இருந்தால் கை வைக்காதீர்கள். வள்ளிக்கிழங்கின் இலை இதய வடிவம், அடியிலிருந்து பல நரம்புகள் பிரிந்து ஓடும், நுனியில் சுருள் கிடையாது; தண்டுதான் முறுக்கிக்கொண்டு ஏறும். சர்க்கரைவள்ளி தரையில் படரும், அதற்கும் சுருள் இல்லை.

சிக்கல் என்னவென்றால், மழைக்காலம் முடிந்து கோடை வந்தால் கண்வலியின் கொடி காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். அந்த அண்ணன் தம்பி கையில் கிடைத்தது அப்படிக் கிடைத்ததுதான். ஆகவே இலையில்லாமல் கிடைத்த கிழங்கு எதுவானாலும், எவ்வளவு பசியானாலும், சமையலுக்கு ஆகாது. இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மச்சானின் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழங்கை விட அந்தப் பயமே பெரிய விஷம் என்று நான் நினைக்கிறேன். விஷம் உள்ளே போன எந்த நோயாளி வந்தாலும் மருத்துவமனையில் எம்.எல்.சி. என்று ஒரு பதிவு போடுவார்கள். சாலை விபத்துக்கும் அதே பதிவுதான். அது நடைமுறை, குற்றச்சாட்டு அல்ல. இன்னொன்று, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவே இல்லை. போலீஸ் வந்து கேட்டால், தெரியாமல் தின்றோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டரிடம் மறைத்தால் அவர் காலராவுக்கு வைத்தியம் பார்ப்பார். நேரம் போகும். முதல் சில மணி நேரத்துக்குள் உண்மை தெரிந்தால் வயிற்றைக் கழுவவும், விஷத்தை உறிஞ்சும் கரிமருந்து கொடுக்கவும் வழியுண்டு. பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அறக்கட்டளைக்குச் சொல்லுங்கள். இரவானாலும் ஒருவர் வருவார்.

அடுத்தது பிள்ளைகள் விஷயம். உஸ்தாத்மார்கள் கவனிக்கவும்.

காட்டாமணக்கு. நம் மக்தப் வேலியிலேயே நிற்கிறது. ஆடு மாடு தொடாது என்று வேலிக்கு வைத்தார்கள். உயிரி டீசல் எடுக்கலாம் என்று 2000-க்குப் பிறகு அரசும் பரப்பியது. இலைக்காம்பை ஒடித்தால் வரும் சாற்றில் பிள்ளைகள் ஊதி முட்டை விடுவார்கள். நாமும் விட்டவர்கள்தானே! அதன் காய் பச்சையாக இருந்து மஞ்சளாகிக் கறுக்கும். உள்ளே பெரும்பாலும் மூன்று கறுப்புக் கொட்டை. தோலை உரித்தால் வெள்ளைப் பருப்பு, நிலக்கடலை போல, பாதாம் போல ருசிக்கும். அங்கேதான் ஆபத்து. மற்ற விஷக்காய்கள் கசக்கும், பிள்ளை துப்பிவிடும். இது ருசிக்கும். ஒருவன் தின்று நன்றாக இருக்கிறது என்பான். உடனே பத்துப் பேர் தின்பார்கள். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் பல இந்தக் கொட்டையால் வந்தவை. தொண்டை எரியும், வயிறு வலிக்கும், வாந்தியும் பேதியும் விடாது. உடனே கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் எழுந்துவிடுவார்கள். உடம்பில் நீர் வற்றும் வரை வீட்டில் வைத்திருந்தால்தான் மோசம்.

ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்தால், யாரெல்லாம் தின்றீர்கள் என்று அதட்டாமல் கேளுங்கள். அடி விழும் என்றால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பிரம்பை அன்று ஒரு நாளாவது மறைத்து வையுங்கள் உஸ்தாத்!

ஆமணக்கும் இதற்குச் சொந்தக்காரச் செடிதான். கொட்டை புள்ளி போட்டு அழகாக இருக்கும். விளக்கெண்ணெய் குடிக்கிறோமே என்று கேட்பீர்கள். எண்ணெய் எடுக்கும்போது விஷம் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. கொட்டையை மென்றால் மொத்தமும் உள்ளே போகும்.

குன்றிமணியை நகைக்கடைத் தராசில் பார்த்த தலைமுறை நாம். சிவப்பில் ஒரு கறுப்புக் கண். முழுசாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றி வெளியே தள்ளிவிடலாம். மென்றாலோ, ஓட்டை போட்டதை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. அதனால்தான் குன்றிமணியில் துளையிட்டுக் கோத்த மாலை, தஸ்பீஹ் எதுவும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம் என்கிறேன். மஞ்சாடி என்கிற ஆனைக்குன்றிமணி வேறு, அது கொஞ்சம் பெரியது, முழுச் சிவப்பு, கறுப்புக் கண் இருக்காது. அதையும் வாயில் போடச் சொல்லவில்லை.

கீரைக்கு வருவோம். மணத்தக்காளி எங்கே முளைக்குமோ அங்கேதான் ஊமத்தையும் முளைக்கும். இரண்டுக்கும் குப்பைமேடு பிடிக்கும். பூ வந்துவிட்டால் குழப்பமே இல்லை. ஊமத்தைக்குக் குழல் மாதிரி நீண்ட பூ, முள்ளுக்காய். மணத்தக்காளிக்கு மூக்குத்தி அளவு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கொத்துக்கொத்தாய்ச் சின்னக் காய். நாற்றாக இருக்கும்போதுதான் கண் ஏமாறும். ஊமத்தை இலை கத்திரி இலை போல அகலமாக இருக்கும். அடியில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிச் சமமில்லாமல் காம்பில் சேரும். கசக்கினால் குமட்டுகிற வாடை. எளிய வழி, பூவோ காயோ இல்லாத மணத்தக்காளியைப் பறிக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்தால் அது யாரென்று அதுவே சொல்லும். ஊமத்தை விதையும் மிளகாய், கத்திரி விதை மாதிரியே இருக்கும், காகிதத்தில் மடித்து வைத்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

ஊமத்தை உள்ளே போனால் வாய் வறண்டுவிடும், முகம் சிவக்கும், கண்மணி விரிந்துவிடும், சிறுநீர் பிரியாது. பிறகு ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசுவார், காற்றில் எதையோ பிடிப்பார், பெற்ற தாயை அடையாளம் தெரியாது. நம் ஊர்களில் இதைப் பார்த்தவுடன் என்ன சொல்வோம்? ஜின் பிடித்துவிட்டது என்போம். ஓதிப் பார்க்க ஒருவரிடம், தாவீஸ் கட்ட இன்னொருவரிடம் என்று இரவு முழுவதும் அலைவோம். ஓதுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் மதரஸாவில் ஓதியவன்தான். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு ஓதுங்கள். நன்றாக இருந்த ஆள் சாப்பிட்ட சில மணி நேரத்தில் திடீரென்று உளறினால், முதலில் அடுப்படியைப் பாருங்கள்.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் சிலர் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த முள்ளுக்காய் கொரோனா வைரஸ் படம் மாதிரி இருக்கிறது, ஆகவே அதற்கு இதுதான் மருந்து என்று ஒரு டிக்டாக் வீடியோ! நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதற்குத் தம்பி தங்கைகள் தினம் வருகிறார்கள்.

பிரண்டையையும் சதுரக்கள்ளியையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் தண்டு நாலு பட்டை. பிரண்டைக்குக் கணுவுக்குக் கணு இடுப்பு ஒடுங்கியிருக்கும், பற்றுக்கம்பி இருக்கும், ஒடித்தால் பால் வராது. கள்ளிக்கு இரட்டை இரட்டையாய் முள், ஒடித்தால் வெள்ளைப் பால். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இதைக் கேட்டவுடன் பால் வந்தால் விஷம், பால் வராவிட்டால் நல்லது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். அத்திக்காயில் பால் வரும், பலாவில் வரும். ஊமத்தையில் வராது, கண்வலியில் வராது. பறவை கொத்தினால் தின்னலாம் என்பார்கள். குயில் பொன்னரளிப் பழத்தைத் தின்றுவிட்டுப் பாடிக்கொண்டிருக்கும், அதன் கொட்டை மனிதனின் இதயத் துடிப்பையே நிறுத்தும். ஆடு தின்றது என்பார்கள். ஆட்டின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. ஊருக்கு ஊர் பெயரும் மாறும், ஆகவே பெயரை நம்பியும் பறிக்க முடியாது. ஒவ்வொரு செடியையும் அதன் இலை, பூ, காய், மணம் எல்லாம் சேர்த்து, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தான் கற்க வேண்டும். காளானை இந்தப் பேச்சில் சேர்க்கவே இல்லை. அது தனி ஆபத்து. கடையில் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இது சுரைக்காய் விஷயம், நம் வீடுகளுக்கு நெருக்கமானது. நபி (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டார்கள் என்பதும், ஒரு தையல்காரர் வைத்த விருந்தில் தட்டைச் சுற்றித் தேடித் தேடி எடுத்து உண்டதைப் பார்த்த நாள் முதல் அனஸ் (ரலி) அவர்களுக்கும் அது பிடித்துப்போனது என்பதும் புகாரியில் வருகிறது. அதனால் சுன்னத் என்று ஆசையோடு சமைக்கிறோம், நல்லது. இப்போது சர்க்கரை குறையும் என்று சிலர் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் சாறும் குடிக்கிறார்கள். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் கசப்புச் சுரைச் சாறு குடித்து இறந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. சாறு எடுக்கும் முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் குடிக்கவே கூடாது என்று அந்தக் குழு சொன்னது.

கசக்கும் சுரைக்காயும் கசக்காத சுரைக்காயும் வெளியே ஒரே மாதிரி. ஒரே கொடியில்கூட நம்ப முடியாது. நாக்கு ஒன்றுதான் சோதனை. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ஆட்கள் நம்மில் அதிகம். பாகற்காய்க்குக் கசப்பு பிறவிக்குணம். சுரை, பீர்க்கு, வெள்ளரி கசந்தால் அது எச்சரிக்கை. துப்பிவிட்டு வீசுங்கள். வேகவைத்தாலும் போகாது, வேறு சாற்றோடு கலந்தால் கசப்பு மறையும், விஷம் மறையாது. ஹதீஸில் உவமையாக வரும் ஹன்ழல் என்கிற பேய்க்குமட்டிக் காயிலும் இதே வகைக் கசப்புதான். அது பார்ப்பதற்குக் குட்டித் தர்பூசணி. பாலைவனத்து அரபிகளுக்கு அதைத் தெரியாமல் இருக்க முடியாது. நம் கடற்கரை மணலிலும் படர்கிறது, நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை. உடலுக்குக் கேடு செய்யும் தாவரத்தைத் தின்பது ஆகாது என்று ஃபிக்ஹ் நூல்களில் உணவுப் பாடத்தில் ஓதியிருக்கிறோம். எது கேடு என்று அறிந்துகொள்வதும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதானே?

யாராவது தின்றுவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல், சோப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் மிச்சம் இருந்தால் துடைத்தெடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற செடியின் இலை, காய், சட்டியில் மிஞ்சிய கிழங்கு, எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். போகும் வழியில் யாரும் அசிங்கம் என்று வீசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தின்றார் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூடத் தின்றவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப்போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், மக்தப் வேலியிலுள்ள காட்டாமணக்கை வேரோடு எடுக்கிறோம். அரிவாளும் கையுறையும் அறக்கட்டளை தரும். இளைஞர்கள் பத்துப் பேர் போதும். அந்த இடத்தில் நட முருங்கைக் கொம்பு யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவாருங்கள். கீரை பறிக்கும் பெரியம்மாக்கள் இருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்தால் குளக்கரை வரை நடந்து ஒவ்வொரு செடியாகக் காட்டுவார்கள். அவர்களுக்கு அன்றைய கூலி அறக்கட்டளையிலிருந்து தரப்படும். சந்தேகமான செடி ஏதும் வீட்டுப் பக்கம் இருந்தால் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துவாருங்கள், கள்ளியாக இருந்தால் மட்டும் ஒடிக்காமல் இடத்தைச் சொல்லுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம். வஸ்ஸலாம்.